கொல்லைப்புறத்தில் ஓர் அடுப்படி

முன்பின் அறிமுகமில்லாத விருந்தினர் சிலர் வாயிலில் வந்து ஸலாம் உரைத்தபோது, நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் சற்றும் தாமதியாமல் சுட்ட கன்று ஒன்றைக் கொண்டுவந்து அவர்கள் முன் வைத்தார்கள் என்று திருமறை (11:69) எடுத்துரைக்கின்றது. அவ்விடத்தில் ஆளப்பட்டுள்ள அரபுச் சொல் 'ஹனீத்' என்பதாகும். பழுக்கக் காய்ச்சிய கற்களின் மீது வைத்துச் சுட்ட இறைச்சி என்று விரிவுரையாளர்கள் அதற்குப் பொருள் கூறுவர். யமன் நாட்டில் இன்றளவும் அதே பெயரில் ஓர் இறைச்சி உணவு சமைக்கப்பட்டு வருகின்றது. நூஹ் (அலை) அவர்களின் வரலாற்றில் இடம்பெறும் 'தன்னூர்' என்ற சொல்லும் அடுப்பைக் குறிப்பதே. வடநாட்டார் 'தந்தூர்' என வழங்கும் அடுப்பின் பெயர் இச்சொல்லுக்கு உறவானது.

ஆகவே வீட்டுக்கு வெளியே, வானத்தின் கீழ் நெருப்பு மூட்டி விருந்தாக்குவது நமக்குப் புதியதன்று. நம் கடலோர ஊர்களின் பழைய வீடுகளில் பின்கட்டும், கிணற்றடியும், கொல்லையில் பெரிய அடுப்பும் இருந்தன. கல்யாணக் களறியாயினும், நோன்புக் கஞ்சியாயினும், ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியாயினும் அங்கேதான் வெந்தது. இன்றோ மனைகள் சுருங்கிவிட்டன. பளிங்குத் தரையும் எரிவாயு அடுப்பும் கொண்ட சிறிய சமையலறையே எல்லாவற்றுக்கும் என்றாகிவிட்டது. பெருநாளன்று பத்துப் படி அரிசிக்கான தேக்சாவை அந்தச் சின்னஞ்சிறு அடுப்பின் மேல் ஏற்றிவைத்துவிட்டு, வியர்வையிலும் நெடியிலும் நம் பெண்கள் படும் பாட்டை நாம் வெளித்திண்ணையில் அமர்ந்து அறிவதில்லை.

இந்நிலையில், வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பும் சபுராளிகள் பலர் அங்கே உண்டு பழகிய சுட்ட இறைச்சியின் சுவையை நினைத்து, வீட்டின் பின்புறத்தில் அடுப்படியும் கம்பி அடுப்பும் கட்டிக்கொள்ள ஆசைப்படுகின்றனர். ஆசை நல்லதே. ஆனால் அந்த அடுப்பு யாருடைய சுமையைக் குறைக்கப் போகின்றது, யாருடைய சுவாசத்தில் புகையை நிரப்பப் போகின்றது என்ற இரு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே கொத்தனாரை அழைக்க வேண்டும்.

புகை என்னும் மறைவான பகை

விறகும் கரியும் எரித்துச் சமைப்பதால் வீட்டுக்குள் சேரும் புகை, உலகெங்கும் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் மக்களின் இறப்புக்குக் காரணமாயிற்று என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பருகே அதிக நேரம் நிற்பவர்கள் பெண்களும், அவர்களின் முந்தானையைப் பற்றி நிற்கும் குழந்தைகளுமே. நாள்பட்ட இருமல், மூச்சிரைப்பு, குழந்தைகளுக்கு நுரையீரல் அழற்சி, இதயநோய், பக்கவாதம் ஆகியவை இப்புகையோடு தொடர்புடையவை.

இத்துன்பத்தை நீக்க நம் நாட்டில் நெடுநாளாகவே முயற்சிகள் நடந்துள்ளன. ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் எஸ்.பி. ராஜு 1950களிலேயே புகையில்லா அடுப்பை வடிவமைத்து அதைப் பரப்பினார். 1980களில் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கென மத்திய அரசு ஒரு தேசியத் திட்டம் தொடங்கிற்று. 2016இல் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தின் மூலம் ஏழைக் குடும்பங்களின் பெண்களுக்கு எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்டன.

எனவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அன்றாடச் சமையலை எரிவாயுவிலிருந்து மீண்டும் விறகுக்குக் கொண்டுசெல்வதற்காக இந்த அடுப்படி வேண்டியதில்லை. பெருஞ்சமையலும் சுட்ட இறைச்சியும் உள்ள நாள்களில், புகையையும் வெப்பத்தையும் வீட்டுக்கு வெளியே அனுப்புவதே இதன் நோக்கம். மாதத்துக்கு ஓரிரு முறை எரியும் அடுப்பாகவே இது இருக்கட்டும்.

இடம் தேர்தல்

அடுப்படி கட்டுவதில் பாதி வேலை இடத்தைத் தெரிவு செய்வதுதான். தமிழகத்தில் ஆனி, ஆடி மாதங்களில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். கிழக்குக் கடலோர ஊர்களிலோ, வெயில் நாள்களின் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து புகும். ஆதலால் ஏட்டுக் கணக்கை மட்டும் நம்பலாகாது. அஸர் வேளையிலும் மஃரிப் வேளையிலும் நாலைந்து நாள்கள் ஒரு சட்டியில் சாம்பிராணி புகைத்து, நினைத்த இடத்தில் வைத்துப் பாருங்கள். புகை நம் சன்னலுக்குள் வருகின்றதா, அண்டை வீட்டாரின் சன்னலுக்குள் போகின்றதா, மேலே எழுந்து கலைகின்றதா என்பது தெரிந்துவிடும்.

வீட்டுச் சுவரிலிருந்தும் மதிற்சுவரிலிருந்தும் குறைந்தது ஆறடி தள்ளி இருப்பது நன்று. தலைக்கு மேலே தென்னை மட்டையோ மின்கம்பியோ தாழ்ந்து தொங்கலாகாது. தண்ணீர்க் குழாயோ கிணறோ பத்தடிக்குள் இருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியின் மூடிமீதோ, நிலத்தடி நீர்த்தொட்டியின் மீதோ அடுப்பு அமைக்கவே கூடாது.

கூரை வேண்டுமென்றால் இரும்புக் கால்களின் மீது தகரமோ ஓடோ வேய்ந்து, ஒன்பது அடிக்குக் குறையாத உயரத்தில் அமைத்து, நான்கு பக்கங்களையும் திறந்தே விடுங்கள். கீற்றுக் கொட்டகை வேண்டவே வேண்டாம். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், சத்துணவு சமைத்த இடத்துக் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 பச்சிளங் குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அடுப்பும் கீற்றும் அருகருகே இருக்கலாகாது என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேறில்லை.

கட்டும் முறை

பத்தடி நீளமும் எட்டடி அகலமும் கொண்ட தளம் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் போதும். அதில் மூன்று உறுப்புகள் அமைய வேண்டும். தேக்சா ஏற்றும் தாழ்ந்த அடுப்பு ஒன்று. இறைச்சி சுடும் கம்பி அடுப்பு ஒன்று. நறுக்கவும் கழுவவும் ஒரு மேடை.

அடித்தளம்: ஓரடி ஆழம் தோண்டி, ஆறங்குலத்துக்குச் செங்கற்சல்லி இட்டு நீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குங்கள். அதன்மேல் நான்கங்குலத்துக்குக் காங்கிரீட் இடுங்கள். மழைநீர் தேங்காதவாறு ஒரு பக்கமாகச் சற்றே சரிவு விட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடித்தளம் சரியில்லையென்றால் ஓராண்டுக்குள் சுவர் விரிந்துவிடும்.

கம்பி அடுப்பு: முன்புறம் திறந்த 'ப' வடிவச் சுவரே இதற்கு எளிய அமைப்பு. உள்ளகலம் இரண்டடி, உள்ளாழம் ஒன்றரை அடி, சுவர்க் கனம் ஒரு செங்கல் நீளமாகிய ஒன்பது அங்குலம், உயரம் ஏறத்தாழ 32 அங்குலம். இதற்கு உடைசல் சேர்த்து ஏறத்தாழ 200 செங்கற்கள் போதும். நன்கு வெந்து, தட்டினால் கணீரென ஒலிக்கும் கல்லாகப் பார்த்து வாங்குங்கள். வேகாத கல் நெருப்பில் உதிரும்.

ஆறு வரிசை எழுந்ததும் பக்கச் சுவர்களின் மேல் நான்கைந்து இரும்புக் கம்பிகளைக் குறுக்கே இட்டு, அவற்றின்மீது கனத்த இரும்புத் தகடு ஒன்றை வையுங்கள். கரி எரிவது இத்தகட்டின்மேல்தான். எட்டாவது வரிசையிலும் ஒன்பதாவது வரிசையிலும் சில கற்களைக் குறுக்காக வைத்து, உட்புறம் ஒன்றரை அங்குலம் நீட்டிவிட வேண்டும். கம்பி வலையை இந்தப் படிகளில் வைக்கலாம். கீழ்ப்படியில் வைத்தால் விரைவாக வேகும். மேற்படியில் வைத்தால் நிதானமாக வேகும். தீயைக் கூட்டவும் குறைக்கவும் இயலாத கரி அடுப்பில் இப்படிகளே நமக்குத் திருகுகோல்.

கம்பி வலையைக் கொல்லுப் பட்டறையில் செய்விக்கும்போது ஒரு செய்தியை மறவாதீர்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியைப் பயன்படுத்தலாகாது. கடும் வெப்பத்தில் துத்தநாகம் ஆவியாகி, அதைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சலும் குமட்டலும் உண்டாக்கும். எவர்சில்வர்க் கம்பியோ பூச்சில்லாத இரும்புக் கம்பியோ நலம். வண்ணம் பூசிய கம்பியும் கூடாது.

சாந்து: நெருப்புப் படும் உட்புறத்துக்குச் சிமெண்ட் ஏற்றதன்று. ஏறத்தாழ 400, 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சிமெண்ட் தன் பிடிப்பை இழந்து பொடியத் தொடங்கும். நம் பாட்டிமார் புற்றுமண்ணால் அடுப்பு இட்டதன் நுட்பம் இதுவே. களிமண் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு சேர்த்துக் குழைத்து, உருண்டை பிடித்து நிழலில் காயவைத்துப் பாருங்கள். வெடித்தால் மணல் போதவில்லை. உதிர்ந்தால் களிமண் போதவில்லை. வெளிப்புற இடுக்குகளை மட்டும் சிமெண்டால் பூசிக்கொள்ளலாம்.

தேக்சா அடுப்பு: மூன்று கல் வைத்து எரிக்கும் அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். அதற்கு மாறாக, பாத்திரத்தின் சுற்றளவைவிட முக்கால் அங்குலம் இடைவெளி விட்டு வட்டமாக ஓரடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, முன்னே விறகு வாயும் பின்னே புகை வாயும் விட்டால், சுடர் பாத்திரத்தின் பக்கங்களைத் தழுவி ஏறும். விறகும் குறையும், புகையும் குறையும். அடியில் ஓர் இரும்புச் சல்லடை வைத்து அதன்கீழ்க் காற்றுப்புக வழிவிட்டால் விறகு இன்னும் தூய்மையாக எரியும். விறகு வாய் காற்றுக்கு நேர் எதிரே இருக்க வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். வீசும் காற்று சுடரைப் பண்டாரியின் கால்மீது தள்ளிவிடும்.

மேடை: நிற்பவரின் முழங்கைக்கு ஐந்து அங்குலம் கீழே மேடையின் மட்டம் இருந்தால் தோளும் முதுகும் நோகா. கொத்தனாரின் உயரத்துக்கு அளவெடுக்காமல், அங்கே நின்று வேலை செய்யப்போகும் பெண்மணியின் உயரத்துக்கு அளவெடுங்கள். மேலே கடப்பாக் கல்லோ கருங்கல் பலகையோ பதிக்கலாம். ஆனால் அவற்றை நெருப்புக்கு நேராக வைத்தால் வெடிக்கும். ஆற்றுக் கற்களைத் தீயில் இடுவதும் ஆபத்தே. உள்ளே உறைந்திருக்கும் ஈரம் நீராவியாகிக் கல் சிதறக்கூடும்.

கட்டி முடித்ததும் அவசரம் கூடாது. சிமெண்டுப் பகுதிகளை ஏழு நாள்கள் நீரால் நனைத்து, மண் பூசிய பகுதிகளை இரு வாரங்களேனும் நிழலில் உலரவிடுங்கள். முதல் மூன்று நாள்கள் சுள்ளிகளைக் கொண்டு சிறு தீ மட்டும் மூட்டுங்கள். முதல் நாளிலேயே பெருந்தீ மூட்டினால் ஈரச் சுவர் பிளந்துவிடும்.

எரிபொருளும் இறைச்சியும்

இராமநாதபுரம், சிவகங்கை வட்டாரங்களில் பெருமளவில் தயாராகும் சீமைக்கருவேல மரக்கரி நெடுநேரம் நின்று எரியும். கரி மூட்ட மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். அதன் நெடி இறைச்சியில் ஏறும், தீயும் எகிறும். சிரட்டையும் தென்னம்பாளையும் போதும். கரியின்மேல் வெண்சாம்பல் படர்ந்த பிறகே இறைச்சியை வைக்க வேண்டும். இதற்கு அரைமணி நேரம் ஆகலாம். வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக் ஆகியவற்றை ஒருபோதும் எரிக்கலாகாது.

அறுத்த சில மணி நேரத்தில் இறைச்சி விறைத்து நிற்கும். எனவே குர்பானி இறைச்சியை விறைப்பு நீங்கும்வரை குளிரூட்டியில் வைத்திருந்து, தசைநாருக்குக் குறுக்காக நறுக்கினால் மென்மையாக இருக்கும். பச்சைப் பப்பாளிக்காயை அரைத்துச் சிறிதளவு பிசறினால் ஒரு மணி நேரத்தில் இறைச்சி இளகும். அதற்கு மேல் ஊறவிட்டால் குழைந்துவிடும். மசாலா பிசறிய இறைச்சியை வெயிலில் வைப்பதும், பச்சை இறைச்சி வைத்த தட்டிலேயே வெந்ததைத் திரும்ப வைப்பதும் வயிற்றுநோய்க்கு வழி. கோழி இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரியும், கொத்திய இறைச்சி 71 டிகிரியும் சூடேற வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள், கோழித்துண்டின் எலும்போரம் இளஞ்சிவப்பு இல்லாமலும் சாறு தெளிந்தும் இருக்கின்றதா என்றேனும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பு கரியில் சொட்டும்போது எழும் புகையிலும், கருகிய இறைச்சியிலும் புற்றுநோய்க்குத் துணைபோகும் பொருள்கள் உண்டாகின்றன. கொழுப்பைக் குறைத்து, எலுமிச்சைச் சாறும் இஞ்சி பூண்டும் சேர்த்துப் பிசறி, நிதானமான அனலில் சுடுங்கள். கருகியதை வெட்டி எறிந்துவிடுங்கள்.

காவல்

உறங்கும்போது வீட்டில் தீயை எரியவிட வேண்டாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு தீப்பற்றியபோது அவர்கள் தந்த எச்சரிக்கை அது. விருந்து முடிந்த களைப்பில் நாம் மறப்பதும் இதைத்தான். கரித்தணலை நீரூற்றிக் கிளறி, மீண்டும் நீரூற்றி, கைக்கு ஆறிய பின்னரே அப்புறப்படுத்துங்கள். சாம்பலுக்குள் தணல் மறுநாள் வரையிலும் உயிரோடிருக்கும். வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு அது தெரியாது.

மழை வந்துவிட்டதென்று எரியும் கரிச்சட்டியை வீட்டுக்குள் எடுத்துச் செல்வது உயிருக்கே ஆபத்து. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய அறையில் உறங்குவோரை அது உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

எரிவாயு உருளையைக் கரி அடுப்பருகே வைக்கலாகாது. அவ்வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் பள்ளத்தில் தங்கிப் பொறிக்காகக் காத்திருக்கும். அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குச் சுண்ணாம்பால் கோடு கிழித்து, அதற்குள் குழந்தைகள் வரக்கூடாதெனப் பழக்குங்கள். நைலான், பாலியஸ்டர்த் துணிகள் தீயில் உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்பருகே நிற்போர் பருத்தி உடை அணிந்து, துப்பட்டியின் நுனியைச் செருகிக்கொள்ளட்டும். சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, நெய் எதுவும் தடவ வேண்டாம். ஒரு வாளி மணலும் ஒரு வாளி நீரும் எப்போதும் அருகிருக்கட்டும்.

அண்டை வீட்டாரின் உரிமை

நம் கொல்லையின் மணம் மதிலோடு நிற்பதில்லை. குழம்பு சமைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி, அண்டை வீட்டாரையும் கவனித்துக் கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபிகளார் (ஸல்) அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. சுட்ட இறைச்சிக்கு இக்கட்டளை இன்னும் பொருந்தும். குழம்பின் மணத்தைவிட அதன் மணம் வெகுதூரம் செல்லுமல்லவா! மதிலுக்கப்பால் பசித்த குழந்தை ஒன்று இருக்கலாம். ஆஸ்துமாவால் இழுத்துக்கொண்டிருக்கும் முதியவர் இருக்கலாம். இறைச்சி உண்ணாத அன்பர்கள் இருக்கலாம். முதலாமவருக்குப் பங்கு அனுப்புவது கடமை. மற்ற இருவருக்கும் முன்கூட்டியே சொல்லி, அவர்களுக்கு இடையூறில்லாத நேரத்தையும் திசையையும் தேர்ந்துகொள்வது கடமை. அண்டை வீட்டாருக்கு நோவினை தருவது ஈமானின் குறைபாடு என்பதை நாம் மேடைதோறும் சொல்கின்றோம். அதைச் செயலில் காட்டக் கொல்லையடுப்பு ஒரு நல்ல தேர்வுக்களம்.

யார் நிற்பது?

கடைசியாக ஒரு கேள்வி. அடுப்படி கட்டியாயிற்று, அதன்முன் நிற்கப்போவது யார்? ஆண்கள் வெளியே நாற்காலி போட்டு அமர்ந்திருக்க, பெண்கள் உள்ளே ஒரு சமையலும் வெளியே ஒரு சமையலுமாக ஓடித் திரிவதாயின், நாம் கட்டியது வசதியன்று. அவர்கள் தலையில் ஏற்றிய இன்னொரு சுமை. வீட்டில் நபிகளார் (ஸல்) என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள். தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். கரி மூட்டுவதும், இறைச்சி சுடுவதும், சஹன் கழுவுவதும், சாம்பல் அள்ளுவதும் ஆண்களின் வேலையாக இருக்கட்டும். பெண்கள் ஒரு நாளேனும் முதற்பந்தியில் அமர்ந்து சூடாக உண்ணட்டும்.

செலவிலும் எல்லை வேண்டும். உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவனே வீண்விரயத்தை விலக்கியுள்ளான் (7:31). பளிங்கும் வண்ண விளக்கும் பதித்துக் கடன் வாங்கிக் கட்டும் அடுப்படியில் சமைத்தாலும், 200 செங்கல்லில் கட்டிய அடுப்பில் சமைத்தாலும் சுவை ஒன்றே. ஹிஜ்ரீ 5ஆம் ஆண்டில் (கி.பி. 627) அகழ்ப்போரின்போது, ஜாபிர் (ரலி) அவர்களின் எளிய வீட்டில் ஓர் ஆட்டுக்குட்டியும் சிறிதளவு வாற்கோதுமையுமே இருந்தன. தாம் வரும்வரை சட்டியை அடுப்பிலிருந்து இறக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பிய அண்ணலார், பசித்திருந்த தோழர்கள் அனைவரையும் உடனழைத்து வந்தார்கள். ஆயிரம் பேர் வயிறார உண்ட பின்னும் சட்டி கொதித்துக்கொண்டிருந்ததாக வரலாறு கூறுகின்றது. அந்த அடுப்புக்குப் பெருமை சேர்த்தது அதன் கல்லோ அளவோ அன்று. அதைச் சுற்றி அமர்ந்தோருக்கு வழங்கிய மனமே.

நம் இல்லங்களின் அடுப்புகளிலும் அத்தகைய பரக்கத்தை அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.